ஒரே வீட்டில் இரண்டு வலி

கேள்வி: டாக்டர், நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 38 வயது, விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகைக் கரையேற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளைக்கு முன் படகின் மேலிருந்து சறுக்கி விழுந்ததில் வலது பக்கம் இரண்டு விலா எலும்பில் விரிசல். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். "வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார். இருமக்கூட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடல் திறக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது, முதல் நாளே போயாக வேண்டும் என்கிறார்.

என் மாமியாருக்கு 58 வயது. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்துபோய் வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருவில் விற்பவர். நாலு வருடமாக இடுப்பு வலி. சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்கித் தினமும் காலையில் ஒன்று போட்டால்தான் கூடையைத் தூக்க முடியும் என்கிறார். ஒரு வருடத்துக்கும் மேலாக இது நடக்கிறது. ஸ்கேனில் டிஸ்க் புடைத்திருக்கிறது என்று வந்தது. ஒரு டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றார், இன்னொருவர் ஒன்றுமே இல்லை என்றார். "அப்போ அம்மா நடிக்கிறாங்களா?" என்று நாத்தனார் கேட்டுவிட்டார், அன்று அத்தை சாப்பிடவே இல்லை. ஆனால் இந்த ஒரு வருடத்தில் அத்தைக்கு முகம் பூசினாற்போல் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பேரில் யார் செய்வது சரி? மாத்திரை போடலாமா, கூடாதா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு வருடமாக நீங்கள் கவனித்ததை எல்லாம் மறக்காமல் எழுதியிருப்பதால்தான் என்னால் இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்ல முடிகிறது. உங்கள் வீட்டில் இரண்டு பேருமே தவறாகச் செய்கிறார்கள், அதுவும் ஒருவருக்கொருவர் தலைகீழாக. தைரியமாக மாத்திரை போட வேண்டியவர் நிறுத்திவிட்டார். மாத்திரையை விட்டு வெளியே வர வேண்டியவர் தினமும் போடுகிறார். இருபது வருடமாக வடசென்னையில் வலிக்கு வைத்தியம் பார்க்கிறேன், இதே தலைகீழ்க் கணக்கை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர். அவர் விஷயம் இன்றைக்கே கவனிக்க வேண்டியது.

விலா எலும்பு விரிசலில் பயம் எலும்பைப் பற்றியது அல்ல. அது சுமார் ஆறு வாரத்தில் தானாகக் கூடிவிடும். பயம் அதற்கு உள்ளே இருக்கும் நுரையீரலைப் பற்றியது. மூச்சை இழுத்தால் வலிக்கிறது என்று அவர் மேலோட்டமாக, பாதி மூச்சுதான் விடுவார். இருமினால் உயிர் போகிறது என்று சளியை அடக்கிக்கொள்வார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் கிடக்கும், சளி தேங்கும், ஒரு வாரத்தில் நிமோனியா வந்து நிற்கலாம். விழுந்த அடியில் தப்பித்தவர்கள் இந்த நிமோனியாவில் மாட்டிக்கொள்வதுண்டு. ஆகவே அவருக்கு வலி மாத்திரை என்பது சொகுசுக்காக அல்ல. அவர் முழு மூச்சு விடுவதற்காகவும் இருமுவதற்காகவும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர் என் வார்டில் இருந்தார். வலிக்கிறது என்று கேட்டால் மட்டும் ஊசி போடு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. "பரவாயில்லப்பா, தாங்கிக்குவேன்" என்பார். நானும் நல்ல மனிதர், தொந்தரவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது நாள் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தன. பிழைத்துக்கொண்டார், ஆனால் இருபது நாள் கூடுதலாகப் படுக்கையில் கிடந்தார். அன்றிலிருந்து நான் எந்த நோயாளியிடமும் "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்பதில்லை. "ஒரு தடவை இருமிக் காட்டுங்க" என்பேன். இருமும்போது முகம் சுளிப்பதைப் பார்த்தால் எவ்வளவு வலி என்று தெரிந்துவிடும்.

சர்க்கரை, பி.பி., வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லாத 38 வயதுக்காரருக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் ஒரு வாரம் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் கெட வாய்ப்பு மிகக் குறைவு. வெயில் காலம் என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், வெறும் வயிற்றில் போட வேண்டாம். வலி ஏறிய பிறகு தேடிப் போடாமல், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துப் போடட்டும். ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும், ஏற விடாமல் பிடித்து வைக்கக் குறைவாகவே போதும். இப்போது நின்று போயிருப்பதால், சீட்டுக் கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தொடங்குங்கள், மார்பையும் ஒரு முறை ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிடுவார்.

மாத்திரை அட்டையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அசிக்ளோபினாக், டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும், பெரும்பாலும் 325 மில்லிகிராம். அதோடு தனியாகப் பாராசிட்டமால் 650 போட்டால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. மெலிந்த உடம்புக்காரர்களுக்கு நான் 3 கிராமையே தாண்ட விடுவதில்லை. குடிப்பழக்கம் இருந்தால் அதற்கும் கீழே. இந்த நாட்களில் மது வேண்டவே வேண்டாம், பீடி சிகரெட்டும் வேண்டாம்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை மூச்சை ஆழ இழுத்து, இரண்டு நொடி நிறுத்தி விடச் சொல்லுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வலது விலாவோடு சேர்த்துக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். இதைச் செய்து பார்த்தால்தான் நம்புவார், பாதி வலி அங்கேயே குறையும். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தாற்போல் தூங்கட்டும். யாராவது மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டு போட்டுவிடலாம் என்று அழைத்தால் போகாதீர்கள். கை காலுக்குக் கட்டுப் போடுவது வேறு பேச்சு. விலாவுக்குக் கட்டுப் போட்டால் மூச்சைத்தான் கட்டிப்போட்டதாக ஆகும்.

காய்ச்சல், மஞ்சளாகவோ ரத்தமாகவோ சளி, மூச்சு வாங்குவது, மயக்கம், வயிற்றில் வலி, இவற்றில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கடலைப் பற்றி. ஜூன் 15 அன்று அவர் விழுந்து 25 நாள்தான் ஆகியிருக்கும். வலி அப்போது ஓரளவு அடங்கியிருக்கும், அதனால் போகலாம் என்றே தோன்றும். ஆனால் எலும்பு வலை இழுக்கும் பலத்துக்கு வந்திருக்காது. 61 நாள் வருமானம் இல்லாமல் இருந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள் என்று சொல்வது எவ்வளவு கனமான பேச்சு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். படகில் வலை இழுக்காத, பாரம் தூக்காத வேலை ஏதாவது முதல் சில நாளுக்குக் கிடைக்குமா என்று ஓனரிடம் இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள்.

இனி அத்தை.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி 'முகம் பூசினாற்போல்' என்பதுதான். நாலு வருடமாக வலியில் இருக்கும், வெயிலில் கூடை சுமக்கும் 58 வயதுப் பெண்ணுக்கு ஒரு வருடத்தில் முகம் மட்டும் பூரித்து வந்தால் அது நல்ல செய்தியாக இருக்க வாய்ப்புக் குறைவு. பொட்டலமாக மடித்துத் தரும் செட் மாத்திரைகளில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்று மாத்திரை, கூடவே சின்னதாக ஒரு ஸ்டீராய்டு இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. எந்த வலியையும் கொஞ்ச நாளைக்கு அமுக்கிவிடும், உடம்பும் சுறுசுறுப்பாகத் தெரியும். அதனால்தான் "அந்த மெடிக்கல் மாத்திரைதான் கேக்குது" என்கிறார்கள். மாதக்கணக்கில் போனால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், பி.பி. ஏறும், எலும்பு தேயும், தோல் மெலியும். கன்னம் உப்பியிருக்க, கை கால் மெலிந்திருக்கிறதா, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறதா என்று பாருங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சுமார் மூன்று வாரத்துக்கு மேல் தினமும் ஸ்டீராய்டு போனால், உடம்பு தானாக அதைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும், அதை ஒரு டாக்டர்தான் செய்ய வேண்டும். ஒரு செட்டை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். வண்ணாரப்பேட்டையில் விற்கப் போகிறவருக்கு ஸ்டான்லி மருத்துவமனை தூரமில்லை.

அந்த செட்டில் உள்ள வலி மாத்திரையும் சும்மா இல்லை. நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்று உண்டு. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அது. அதே பொருள்தான் வயிற்றின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைக்கிறது. மாத்திரை அதை ஓரிடத்தில் மட்டும் நிறுத்துவதில்லை, எல்லா இடத்திலும் குறைத்துவிடும். பிணந்தின்னிக் கழுகுகள் நம் நாட்டில் கூட்டங்கூட்டமாக அழிந்ததற்குக் காரணம், டைக்ளோபினாக் ஊசி போடப்பட்ட மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்று சிறுநீரகம் செயலிழந்ததுதான் என்று கண்டுபிடித்து, 2006-இல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்கள் கழுகைப் போல் அவ்வளவு சுலபமாக விழுவதில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர், பி.பி.க்கு எனலாப்ரில், டெல்மிசார்டன் போல 'ப்ரில்', 'சார்டன்' என்று முடியும் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைபவர், இவர் தினமும் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்கு நாலு பக்கமும் நெருக்கடி. உங்கள் வீட்டுக்காரரிடம் யாரோ சொன்ன எச்சரிக்கை உண்மையில் அத்தைக்குப் போய்ச் சேர வேண்டியது.

ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், இவற்றை உடனே பார்க்க வேண்டும். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போனால் காத்திருக்கக் கூடாது.

சரி, மாத்திரையை எடுத்துவிட்டால் வலிக்கு என்ன வழி? நாத்தனாரின் கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவும் புரியும். அத்தை நடிக்கவில்லை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்தே எழுதியது. இந்த வரியை நாத்தனாருக்குப் படித்துக் காட்டுங்கள், அத்தை காதில் விழும்படி.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நிற்காதவர்கள் நம் பக்கத்தில் உண்டா? ரயில் வரும்போது கேட் மூடுவது நல்லதற்கு. உங்கள் வீட்டுக்காரரின் வலி அப்படிப்பட்டது, அசையாதே, எலும்பு கூடட்டும் என்று சொல்கிறது. ரயில் போன பிறகும் கேட் திறக்காமல் மாட்டிக்கொண்டால்? அத்தைக்கு நடப்பது அது. முதலில் ஏதோ ஒரு தசையோ மூட்டோ அடிபட்டிருக்கும், அது ஆறியிருக்கலாம். ஆனால் நாலு வருடமாக வலிச் செய்தியைக் கடத்திக் கடத்தி நரம்பும் தண்டுவடமும் மூளையும் கூர்மையாகிவிட்டன. முன்பு வலிக்காத சின்ன அசைவும் இப்போது வலிக்கிறது. தூக்கமின்மையும் கவலையும், "நடிக்கிறாங்களா" என்ற சொல்லும் அதை இன்னும் ஏற்றிவிடும். ஸ்கேனில் தெரியாது. வலி என்னவோ நிஜம்.

முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் புடைத்திருப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கும், 50 வயதில் 60 பேருக்கும், 80 வயதில் 84 பேருக்கும் டிஸ்க் புடைத்திருந்தது. நரைத்த முடி போல அது. கால் பலமிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, இவை இருந்தால் மட்டும் கதை வேறு, உடனே போக வேண்டும்.

வலியைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன! டாக்டரிடம் போகுமுன் அத்தை எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று கவனித்து வையுங்கள். குடைச்சல் என்றால் மூட்டு, எலும்புப் பக்கம் யோசிப்பேன். இழுத்துப் பிடிக்கிறது என்றால் தசை. எரிச்சல், மதமதப்பு, சுருக்சுருக்கென்று குத்துவது, ஷாக் அடித்தாற்போல் காலில் இறங்குவது என்றால் நரம்பு. சர்க்கரைக்காரருக்கு இரவில் பாதம் எரிந்தால் அது அநேகமாக நரம்பு வலி, வழக்கமான வலி மாத்திரை அதற்குச் சரியாகக் கேட்காது. அதற்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், டுலோக்செடின், பிரீகேபாலின் போன்றவற்றில் ஒன்றை எழுதுவோம். முதல் இரண்டையும் போனில் தேடிவிட்டு, "மனநோய் மாத்திரையைக் கொடுத்துட்டாரு" என்று கோபத்தோடு திரும்பி வருபவர்கள் உண்டு. மன அழுத்தத்துக்கும் அவை பயன்படும், உண்மைதான். வலிச் செய்தியை அடக்கும் நரம்புப் பாதையைப் பலப்படுத்தவும் அவையே பயன்படுகின்றன, அமிட்ரிப்டிலின் என்றால் மன அழுத்தத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

டிரமடால், டபென்டடால் போன்ற கடுமையான மாத்திரைகளை யார் சிபாரிசு செய்தாலும் அத்தைக்கு நீங்களாக வாங்காதீர்கள். டிரமடாலை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது காரணமில்லாமல் அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோய் வலிக்கும் அவ்வகை மருந்துகளைத் தயங்காமல் எழுதுகிறேன். நாள்பட்ட இடுப்பு வலியில் அவற்றால் நன்மையைவிடத் தொல்லை அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. அதே வழிகாட்டுதல் இடுப்பு பெல்ட்டும், இடுப்பை எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்கிறது. பெல்ட் வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தால் ஒரு முக்காலி வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அத்தை தரையில் குத்துக்காலிட்டு அரிவாள்மனையில் மீன் வெட்டுபவராகத்தான் இருப்பார். அதை ஒரு மேடைக்கு ஏற்றி, முக்காலியில் உட்கார்ந்து வெட்டட்டும். கூடையைத் தனியாகத் தரையிலிருந்து தலைக்கு ஏற்ற வேண்டாம், இன்னொருவர் ஒரு கை கொடுக்கட்டும். முடிந்தால் சுமையைப் பாதியாக்கி இரண்டு நடை. வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். படுத்துவிட்டால் இந்த வலி கூடும், அது அவருடைய சம்பாத்தியம், மரியாதையும் கூட.

அப்புறம் நடை. வலி குறைந்த நாளில் வீடு முழுக்கக் கழுவி, துணி துவைத்து, மறுநாள் எழ முடியாமல் கிடப்பது பலரின் வழக்கம். அத்தையும் அப்படியா என்று பாருங்கள். கூடை இல்லாமல், கை வீசி, வலி ஏறாமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று முதலில் அளவெடுங்கள். எட்டு நிமிடம் என்றால் எட்டு. நல்ல நாளிலும் எட்டு, கெட்ட நாளிலும் எட்டு. நாலைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். முதுகுக்கும் வயிற்றுக்குமான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் சொல்லித்தர வேண்டும். 2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள்.

வலி முழுக்கப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். பத்துக்கு எட்டாக இருந்த வலி ஐந்துக்கு வந்தால் அதை நாங்கள் நல்ல முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தினமும் "இன்னைக்கு வலி எப்படி இருக்கு?" என்று அத்தையைக் கேட்காதீர்கள். "இன்னைக்கு எத்தனை நிமிஷம் நடந்தீங்க, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு ஸ்கேனைவிட அந்த நோட்டு உதவும்.

செட் மாத்திரையைக் குறைக்கும் முதல் சில வாரங்களில் வலி கூடினாற்போல் தெரியும், உடம்பு அசதியாக இருக்கும். அத்தை உங்களைத் திட்டவும் கூடும். அந்த நாட்களுக்கு என்ன தருவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வேறு எந்த வலி மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கடையில் போடும் ஊசியில் இருப்பதும் பெரும்பாலும் அதே டைக்ளோபினாக்தான்.

இன்று இரவு வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொடுத்து, டாக்டரிடம் கேட்டபடி மாத்திரை கொடுத்து, முக்கால் மணி நேரம் கழித்துத் தலையணையைக் கையில் கொடுத்து இருமச் சொல்லுங்கள். அத்தையின் செட்டில் ஒன்றைப் பிரிக்காமல் பையில் எடுத்து வையுங்கள். கிரியேட்டினின் ரிப்போர்ட் வந்ததும் அந்த எண்ணையும், அவர் எடுக்கும் பி.பி. மாத்திரையின் பெயரையும் எனக்கு எழுதுங்கள்.